நாற்பத்தொரு பேருக்கு ஒரு வாய்

வகுப்பில் வந்து பேச வேண்டும் என்று கடிதம் வந்த நாளிலிருந்து மனுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைப்பார், நாலு பருக்கையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுவார், எழுந்துவிடுவார். கூடவே இருக்கிற அக்காகாரி எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள்?

"என்னடா, பொண்ணு பார்க்கவா கூப்பிட்டிருக்காங்க? இப்படிப் பதறுறியே."

"உனக்கென்னக்கா, சுலபமா சொல்லிட்டே. அங்க நான் வாத்தியாராவா போறேன்? நான்தான் பாடம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஊருக்குள்ளே இருந்த பழைய நூல் கிடங்கில் ஆறு வாரமாக வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சண்டைக் காலத்தில் நடந்த அக்கிரமங்களை எப்படித் துப்புத் துலக்குவது, சாட்சியங்களை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லிக் கொடுக்கிற வகுப்பு. இருபது பேர் படித்தார்கள். சுவரில் குண்டு துளைத்த ஓட்டையை அளவுகோல் வைத்துப் படம் எடுப்பது, எலும்பைப் பையில் போட்டுக் கையெழுத்திடுவது, பறிகொடுத்தவர்களிடம் உட்கார்ந்து பேசுவது என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசி வாரத்துக்கு வந்திருந்தார்கள். கடைசிப் பாடம், வாக்குமூலம் எப்படி எழுதக் கூடாது என்பது. அதற்கு மனுக்காரரைவிட்டால் வேறு ஆள் ஏது?

மனுக்காரர் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும், பெயரைச் சொன்னால்தான் யாரென்று யோசிப்பார்கள். முப்பது வருஷம் கோர்ட் வாசலில், மாடிப்படிக்கு அடியில், தட்டச்சு மெஷினோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர். யார் வந்து எப்படி அழுதாலும், அந்த அழுகையைப் பிழிந்து காயப்போட்டு இஸ்திரி போட்டு ஒரு பக்கத்துக்குள் மடித்துக் கொடுத்துவிடுவார். அழுதுகொண்டு வந்தவர்கள் அதை வாசிக்கக் கேட்டதும், நம்ம கஷ்டமா இவ்வளவு அழகா இருக்கு என்று வாயைப் பிளப்பார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

சண்டை ஓய்ந்த புதிதில் எழுதிக்கொள்ள ஒரு நாதி இல்லை. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வந்த ஒரு படை, இரண்டே நாளில் நாற்பத்தொரு வீட்டிலிருந்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. அதில் ஒருவர் மனுக்காரரின் அத்தான், அக்காவின் புருஷன், ரேடியோ ரிப்பேர்காரர். மனுக்காரர் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். இரண்டு மாசம். மழையில் மெஷினுக்குத் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு போனவர் அவர். நாற்பத்தொரு வாக்குமூலமும் அவர் மெஷினில் அடித்ததுதான்.

விசாரணை வந்தது. படையை நடத்தினவன் என்று ஒருவனைக் கூண்டில் நிறுத்தினார்கள். அவனோ, நான் அந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லை, முகமூடி போட்டவன் எவனாகவும் இருக்கலாம் என்று சாதித்தான். சாட்சி சொல்ல வந்த பெண்களையெல்லாம் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே மனுக்காரர் மட்டும். அவனுடைய வக்கீல் எழுந்து மூன்று வாக்குமூலத்தை அடுத்தடுத்து வாசித்தான். 'பட்டப்பகலில், ஈவு இரக்கமின்றி, கதறக் கதற, என் கண்ணெதிரிலேயே இழுத்துச் சென்றார்கள்.' மூன்றிலும் அதே வரி. நாலாவதிலும் அதே. "கனம் நீதிபதி அவர்களே, நாற்பத்தொரு பேருக்கு ஒரே வாயா?" என்று கேட்டான். பின்வரிசையில் எவனோ சிரித்தான். நாற்பத்தொன்றும் ஒருவரே இட்டுக்கட்டியது என்று தள்ளிவிட்டார்கள். கூண்டில் நின்றவன் காரில் ஏறிப் போனான்.

யாராவது சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட மனுக்காரருக்கு ஆறியிருக்கும். ஒருத்தரும் கேட்கவில்லை. பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க என்று அவருக்கே ஆறுதல் சொன்னார்கள். அவர் மெஷினை மூடிப் பரணில் ஏற்றினார். அக்காவைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டார். அவள் ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தாள், அவர் துணி வெட்டிக் கொடுத்தார். இப்படிப் பன்னிரண்டு வருஷம் ஓடிப்போனது. இப்போது வெளிநாட்டுக் கோர்ட் ஒன்று பழைய வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. சாட்சிகளைப் புதிதாக, முறையாக விசாரிக்க வேண்டும் என்று நிபந்தனை; விசாரிக்கப் போகிறவர்கள் இந்த வகுப்பில் படிக்கிறவர்கள்தான். அடுத்த வாரம் அக்காவின் முறை.

வகுப்பு நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். படிக்கிறவர்கள் அவளுக்கு 'எப்படித்தெரியும் அம்மா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். யார் வாயைத் திறந்தாலும், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளாம். மழை வரும்போல இருக்கும்மா என்றாலும் அதே கேள்விதானாம்.

மனுக்காரர் போய்ச் சேர்ந்தபோது ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு நர்ஸ், நேற்றுக் காலையில் தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் அதை எழுத வேண்டும்.

"ரொட்டியைத் தீய விட்டுட்டேன்," என்றாள் நர்ஸ். "மாமியார் ஒண்ணும் சொல்லலை. எழுந்து போய் ஜன்னலை மட்டும் திறந்து விட்டாங்க. அதுக்கே எனக்கு அழுகை வந்துடுச்சு. சாப்பிடாம பஸ் ஏறிட்டேன்."

போலீஸ்காரர் எழுதியதை எழுந்து நின்று கம்பீரமாக வாசித்தார். "நேற்றுக் காலை வழக்கம்போல் உணவு உட்கொண்டு பணிக்குப் புறப்பட்டேன்."

கிடங்கே சிரித்தது. நர்ஸ் மேஜையில் கவிழ்ந்துகொண்டு சிரித்தாள்.

"ரொட்டி எங்கே போச்சு? மாமியார் எங்கே? ஜன்னல் எங்கே?" என்றாள் அந்த அம்மா.

"அது குடும்ப விஷயமாச்சேம்மா. ஒரு மரியாதைக்கு விட்டுட்டேன்."

"சாப்பிடாம போனவங்களைச் சாப்பிட வச்சே அனுப்பிட்டீங்களே!"

"பசியோட போனாங்கன்னு எழுத மனசு வரலைம்மா," என்று போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். மனுக்காரருக்கு அவரை உடனே பிடித்துப்போனது. நம்ம ஜாதி ஆள் இவர் ஒருத்தர்தான் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் மனுக்காரர் முறை வந்தது. மேடை ஒன்றும் இல்லை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அந்த அம்மா அவரை ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. இவர் மட்டும் அன்றைக்கு எழுதியிருக்காவிட்டால் நாற்பத்தொரு பேர் காணாமல் போனதே யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் ஆரம்பித்தாள். அதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, எழுதும்போது எதையெல்லாம் விட்டீங்க?"

"விடணும்னு விடலைம்மா. வேண்டாததைத்தான் விட்டேன்."

"வேண்டாததுன்னா எது?"

"என்னென்னமோ சொல்வாங்கம்மா. அடுப்புல என்ன இருந்தது, குழந்தை என்ன கேட்டு அடம்பிடிச்சது, முந்தின நாள் புருஷனோட போட்ட சண்டை. கோர்ட்டுக்கு எதுக்கு அதெல்லாம்? சிலது அவங்களுக்கே தலைகுனிவா இருக்கும். வந்தவன் வெந்நீர் கேட்டான், உப்புப் போட்டுக் கொடுத்தேன், திண்டாடித் திண்டாடி முகத்துல கட்டின துணியை மூக்குவரைக்கும் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு கொப்பளிச்சான்னு சொல்வாங்க. அதை எழுதினா என்ன ஆகும்? புருஷனைப் பிடிக்க வந்தவனுக்கு உபசாரமா பண்ணினேன்னு வக்கீல் கேக்க மாட்டானா? நம்ம வீட்டுப் பொம்பளைங்க மானம் போகக் கூடாதுன்னுதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை யார் சொன்னாங்க?" என்றாள் அந்த அம்மா. அவள் குரல் மாறியிருந்தது.

"எங்க அக்கா."

"வேற யாராவது?"

அவர் விரலை மடக்கினார். தையல்காரர் மனைவி. பால்காரர் மகள். கூரை போடுகிறவரின் அம்மா. இரட்டைப் பிள்ளை பெற்றவள். மடக்கி மடக்கி ஒரு கை தீர்ந்து மறு கையும் நாலு விரல் போனது. ஒன்பது பேர். ஒன்பது வீட்டு வாசலில் ஒருவன் நின்று உப்பு வெந்நீரில் கொப்பளித்திருக்கிறான். ஒன்பது பேரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது பேர் வாயிலிருந்தும் அதைத் துடைத்து எடுத்தவர் அவர்தான்.

அதைவிடப் பெரிய இடி அடுத்த நிமிஷம்தான் விழுந்தது. விசாரணையின்போது அந்த வக்கீல் நீதிபதியிடம் ஒரு அனுமதி கேட்டானே! என் கட்சிக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவ்வப்போது உப்பு வெந்நீரில் கொப்பளிக்க விட வேண்டும் என்று. இரண்டு நாளில் அஞ்சாறு தடவை அவன் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டு வந்தான். வெளியே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தது மனுக்காரர் மட்டும். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் தோன்றவில்லை. தான் எழுதிய வரிகளைத் தவிர வேறெதுவும் அன்றைக்கு அவர் தலையில் இல்லை.

"பாவி, நான் பாவி," என்று மனுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

வகுப்பு அத்தோடு முடிந்தது. கிடங்கின் மூலையில் இருந்த சின்ன அறையில் வைத்து அவருடைய வாக்குமூலத்தை எடுத்தார்கள். நர்ஸ்தான் எழுதினாள். அவர் இழுத்தது, தடுமாறினது, நடுவில் தண்ணீர் கேட்டது எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு வரிகூட நேராக இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"அந்த ஒன்பது பேரும் இப்போ?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"அஞ்சு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா. ரெண்டு பேர் எங்க போனாங்கன்னே தெரியலை. ஒருத்திக்கு இப்ப பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியறதில்லை. மிச்சம் எங்க அக்கா."

அந்த அம்மா எழுதின தாள்களை அடுக்கி மூடினாள். பிறகு, "அவங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாடைகூடக் காட்டக் கூடாது," என்றாள்.

"ஒரே வீட்டுல இருக்கோம்மா."

"அதனாலதான் சொல்றேன். தம்பி சொல்லிக் கொடுத்தாரான்னு அங்க கேப்பாங்க. இல்லைன்னு அவங்க நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியணும். அவங்களா ஞாபகம் வந்து சொன்னா அது சாட்சி. நீங்க சொல்லி வந்தா, அது உங்க நாற்பத்திரண்டாவது மனு."

அந்த வாரம் முழுக்க மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பேசுவதே கேட்காது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று மனுக்காரர் தலையைக் குனிந்து துணி வெட்டினார். அக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தன் வாக்குமூலத்தை ஒப்பித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக யார் வந்து கேட்டாலும் அதைத்தான் ஒப்பித்திருக்கிறாள். பட்டப்பகலில், ஈவு இரக்கமின்றி, கதறக் கதற. ஒரு சொல் பிசகாது.

திடீரென்று மிதிப்பதை நிறுத்தினாள். "ஏன்டா, பட்டப்பகலா அது? விளக்கு ஏத்தியிருந்தேனே. மழைகூட பெஞ்சுதே."

மனுக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நீ போய் அவங்ககிட்ட சொல்லுக்கா. என்கிட்ட கேக்காதே."

"உன்கிட்ட கேக்காம? எழுதினவன் நீதானே?"

"கேக்காதேன்னா கேக்காதே!" என்று அவர் கத்திவிட்டார். அக்கா மேல் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. அவள் நூலைக் கோத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.

விசாரணை அன்று மூன்று மணி நேரம் ஆனது. மனுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே யார் குரலும் கேட்கவில்லை. வெந்நீர், வெந்நீர், வெந்நீர் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார், சுவரைத் தாண்டி அது அவளிடம் போய்விடும் என்பதுபோல.

அக்கா களைத்துப்போய் வெளியே வந்தாள். தெருவில் பாதி தூரம் வந்தாகிவிட்டது.

"அந்த நர்ஸ் பொண்ணு நல்ல பொண்ணுடா," என்றாள் பிறகு. "அது ஒண்ணுமே கேக்கலை. அப்புறம் அம்மா, அப்புறம் அம்மான்னு மட்டும் சொல்லுது. முதல்ல நீ எழுதினதைத்தான் சொன்னேன். அது கேட்டுட்டு, சரிம்மா, இப்ப நீங்க பார்த்ததைச் சொல்லுங்கன்னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் விளக்கு ஏத்தினது வந்தது. அவர் ஒரு ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது வந்தது. கதவு தட்டினது வந்தது."

"ம்."

"எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னுச்சு. அரை மணி நேரம்னேன். அது எப்படியோ நல்லாத் தெரியுது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த அரை மணி நேரம் நீங்க எங்கம்மா இருந்தீங்கன்னுச்சு." அவள் நின்றுவிட்டாள். "எனக்கு ஒண்ணும் வரலைடா. வெறும் இருட்டு. கதவைத் திறந்தேன். அப்புறம் அவரை இழுத்துட்டுப் போறாங்க. நடுவுல நான் எங்க இருந்தேன்?"

மனுக்காரர் குடையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட அன்னைக்குச் சொல்லியிருப்பேனே. ரெண்டே மாசத்துல எழுதினியே. சொல்லுடா. நான் எங்க இருந்தேன்?"

"தெரியாதுக்கா."

"பொய் சொல்றே. உன் மூஞ்சி சொல்லுது."

"அக்கா, நான் சொல்லக் கூடாது."

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"சொல்லக் கூடாத மாதிரி என்னடா பண்ணினேன் நான்?"

அவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

"அன்னைக்கு நான் சொல்லாததையெல்லாம் எழுதினே," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "இன்னைக்குக் கெஞ்சிக் கேக்கறேன், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே. உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான்."

நாலு நாள் அவள் அவரோடு பேசவில்லை. தையல் மெஷின் பக்கமும் போகவில்லை. பின்கட்டில் விறகு அடுக்குகிற சந்தில் போய் நின்று நின்று பார்த்தாள். ஒருவர் பதுங்குகிற அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அவளுடைய பழைய வீட்டிலும் அப்படி ஒரு சந்து உண்டு. நீ ஒளியலைக்கா, அவனை எப்படியாவது தணிக்கலாம்னு அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தே, அவருக்காகத்தான் அதைப் பண்ணினே என்று கத்த வேண்டும்போல இருந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். ஒரு தடவை அவளுக்காக நல்லது நினைத்துச் செய்ததன் பலனைத்தான் பார்த்தாகிவிட்டதே.

அஞ்சாம் நாள் காலையில் அக்கா குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஞாபகம் வந்துடுச்சுடா. வா, போகலாம்," என்றாள். மனுக்காரருக்கு உயிர் வந்தது. வழியெல்லாம் அவளுக்கு முன்னால் ஓடாத குறையாக நடந்தார்.

இந்த முறை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் அந்த வகுப்பு அம்மாதான் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பின்கட்டுல விறகுச் சந்துல ஒளிஞ்சுகிட்டதா சொல்றாங்க," என்றாள் மெல்ல. "கடைசிவரைக்கும் வெளியே வரலைன்னு."

"அம்மா, அது நடக்கலைம்மா! அவ அந்தப் பக்கமே போகலை!"

"அது உங்க வாக்குமூலத்துல இருக்கு ஐயா. இது அவங்களோடது. கையெழுத்துப் போட்டுட்டாங்க. திருத்த எனக்கு உரிமை இல்லை. ரெண்டையும் சேர்த்துத்தான் அனுப்பணும்."

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குமே."

"இடிக்கும்," என்றாள் அந்த அம்மா. அவர் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

அக்கா வந்தாள். மழை விட்டிருந்தது. தெருமுனைக் கடையில் அவளே இரண்டு பன் வாங்கினாள், ஒன்றை அவர் கையில் திணித்தாள், நடந்துகொண்டே தன்னுடையதைத் தின்றாள். இவ்வளவு ருசித்து அவள் தின்று அவர் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

"அப்பாடா," என்றாள். "என்னன்னு தெரியாம கிடந்து அல்லாடினதுக்கு இது எவ்வளவோ தேவலை. அவரைத் தனியா விட்டுட்டு ஒளிஞ்சுட்டேன். தப்புதான். சொல்லிட்டேன். நீ ஏன் சொல்ல மாட்டேன்னு நின்னேன்னும் இப்பதான் புரிஞ்சுது. அக்கா மனசு கஷ்டப்படும்னுதானே?"

மனுக்காரர் பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

"மூஞ்சியை ஏன்டா இப்படி வச்சிருக்கே?" அவள் அவர் தோளில் செல்லமாக ஒன்று போட்டாள். "இந்தத் தடவை எல்லாம் என் வாயால நானே சொன்னது. நீ ஒரு வரிகூட எழுதலை. அதுக்காவது சந்தோஷப்படு."